பூஜையில் வைத்த சர்டிபிகேட்டுகள்

1

ஊரிலிருந்து ஃபோன் செய்கிறவர்கள் முன்பெல்லாம், "அங்க மழையா?" என்று ஆரம்பிப்பார்கள். இப்போது நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறார்கள். "ஏக்கா, ஆன்லைன்ல படிச்சு சர்டிபிகேட் வாங்குனா கம்ப்யூட்டர் வேலை கெடைக்குமாமே. ஒங்க மக நெறைய வாங்கி வச்சிருக்காளாமே." போன வாரம் சங்கரன்கோவிலிலிருந்து என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த ஒருத்தி, தன் கல்யாணத்துக்குக்கூட என்னைக் கூப்பிடாதவள், மகனுக்காக இதையே கேட்டாள். ஆளுக்கு ஆள் பதில் சொல்லி என் தொண்டைத் தண்ணி வற்றியதுதான் மிச்சம். அதனால் எல்லோருக்குமாகச் சேர்த்து எழுதிவிடுகிறேன். படித்த பிறகு யாரும் ஃபோன் செய்ய வேண்டாம்.

நான் கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. கொச்சியில், மட்டாஞ்சேரியில், வீட்டில் மெஷின் போட்டு பிளவுஸ் தைக்கிறவள். வீட்டுக்காரர் முருகேசன் பஜார் ரோட்டில் ஒரு சுக்கு மிளகு குடோனில் சூப்பர்வைசர். கல்யாணமாகி நான் இங்கே வந்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது. ஒரே மகள் கார்த்திகா. பி.காம். முடித்த கையோடு, "எனக்குக் கணக்கெழுதற வேல வேண்டாம், ஐ.டி.க்குத்தான் போவேன்" என்றாள். அதற்கு என்ன வழி என்று கேட்டேன். ஃபோனைக் காட்டினாள். அதில் கோட்டு போட்ட ஒருத்தன், வீட்டிலிருந்தே படிக்கலாம், வாழ்க்கையே மாறிவிடும் என்று கத்திக்கொண்டிருந்தான். சந்தையில் பல்பொடி விற்கிறவன்கூட அவ்வளவு சத்தியம் செய்யமாட்டான்.

2

முதல் சர்டிபிகேட் வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. லேப்டாப்பில் கலர் கலராகக் காகிதப் பூ கொட்டியது. கீழே வாழ்த்துகள் என்று வந்தது. அப்புறம் தங்க நிறத்தில் ஒரு முத்திரையும், யாரோ ஒரு வெள்ளைக்காரர் போட்ட கையெழுத்தும், நடுவில் கார்த்திகா முருகேசன் என்ற பெயரும். வீட்டுக்காரர் வேலையிலிருந்து வந்து அதைப் பார்த்தார். கை கழுவிவிட்டு வந்து மறுபடியும் பார்த்தார். மறுநாளே பிரிண்ட் எடுத்து லேமினேட் போட்டுக் கொண்டுவந்து, வாசலில் நுழைந்ததும் கண்ணில் படுகிற இடத்தில் ஆணி அடித்தார்.

அவரைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. சர்டிபிகேட்டுக்காக அந்த மனுஷர் நாய் படாத பாடு பட்டிருக்கிறார். கார்த்திகாவைக் கல்லூரியில் சேர்க்கும்போது, இந்த ஊர்க்காரி என்று ஒரு சர்டிபிகேட், இன்ன சாதி என்று ஒரு சர்டிபிகேட் கேட்டார்கள். வில்லேஜ் ஆபீஸுக்குப் போனால், அவர் பிறந்தது எங்கே என்பார்கள். தமிழ்நாடு என்றால் அங்கே போய் வாங்கு என்பார்கள். தமிழ்நாட்டுக்குப் போனால், நீ கேரளாவில்தானே இருக்கிறாய், அங்கே வாங்கு என்பார்கள். அந்த வருஷம் லீவு போட்டு லீவு போட்டு, குடோன் முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். என் மகள் இங்கே பிறந்தவள், மலையாளத்தில் படித்தவள், மீன்கறிக்குக் குடம்புளி இல்லையென்றால் சாப்பிடாதவள். அவள் இந்த ஊர்க்காரி என்று எழுதிக் கொடுக்க ஒருத்தருக்கும் கை வரவில்லை.

அப்படிப்பட்டவருக்கு, லஞ்சம் இல்லாமல், கியூ இல்லாமல், "நாளைக்கு வா" இல்லாமல் மகள் பெயர் போட்ட ஒரு காகிதம் கிடைத்தால் எப்படி இருக்கும்? பட்டன் தட்டினால் வருகிறது. பைத்தான் வந்தது, வெப் டிசைன் வந்தது, டேட்டா என்று ஏதோ வந்தது, கிளவுட் வந்தது. சுவரில் இடம் போதாமல் முருகன் படத்தை ஒரு முழம் தள்ளி மாட்டினார்.

எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமில்லை. கார்த்திகா வீடியோவை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, அது பாட்டுக்குக் கிளி மாதிரி கத்த, இவள் பாட்டுக்கு வெண்டைக்காய் நறுக்குவாள். கடைசியில் நாலு கேள்வி வரும். தப்பாகச் சொன்னால் திரும்பச் சொல்லலாம். சரியாகும்வரை சொல்லலாம். உடனே காகிதப் பூ கொட்டும். "பிளவுஸ் தைக்கிற வீடியோவ நாலு தடவ பாத்தவகிட்ட ஒன் பட்டுத்துணியக் கொடுப்பியாடி?" என்று கேட்டேன். "அம்மா, ஒண்ணும் அறியாம மிண்டாதே" என்றாள். எதுவும் தெரியாமல் பேசாதே என்று அர்த்தம். என் மகள் என்னிடம் கோபப்படுவது எப்போதும் மலையாளத்தில்தான்.

விண்ணப்பம் போட்டுக்கொண்டே இருந்தாள். ஐ.டி. கம்பெனிகள் இருக்கிற காக்கநாட்டிலிருந்து ஒரு நாயும் திரும்பிக் கேட்கவில்லை. எதிர் சந்தில் ஒரு பையனுக்கு வேலை கிடைத்தது. அவன் சுவரில் ஒரு சர்டிபிகேட்டும் கிடையாது. அதே கம்பெனியில் அவன் மாமா இருந்தார்.

3

இதற்கு நடுவில் மதினி. இவருடைய அக்கா, சங்கரன்கோவிலில் இருக்கிறாள். மகனுக்கு அங்கே மோட்டார் பம்ப் கடை இருக்கிறது. குடிக்கமாட்டான், தலை நிமிர்ந்து பேசமாட்டான். தம்பி மகள் தன் மகனுக்குத்தான் என்று கார்த்திகா பிறந்தபோதே முடிவு செய்துவிட்டாள். மதினிக்குப் படிக்கிற பழக்கம் இல்லை. இதை யாராவது அவளுக்குப் படித்துக் காட்டினால் காட்டட்டும், எனக்கு ஒன்றும் பயமில்லை.

உண்மையைச் சொன்னால் எனக்கும் அந்தச் சம்பந்தம் பிடித்திருந்தது. இந்த ஊரில் ரேஷன் கடையில் ஒருத்தன், தமிழ்க்காரி என்று இளப்பமாக, என்னைப் பார்த்துப் "பாண்டி" என்று பல்லிளித்தபோது, "ஆமாடா, பாண்டிதான். ஒன் ராஜா பொறக்கறதுக்கு முந்தியே எங்களுக்கு ராஜா இருந்தான்" என்று திருப்பிக் கொடுத்தவள் நான். கொடுத்துவிட்டேனே தவிர, வீட்டுக்கு வந்து அழுதேன். மகளாவது தமிழ் பேசுகிற ஊரில் இருக்கட்டும். கடைச் சாமான் எழுதச் சொன்னால் 'துவரம்பருப்பு' என்பதை மலையாள எழுத்தில் எழுதுகிறவளுக்கு, பிள்ளை பிறந்தாலாவது அது தமிழ் படிக்கட்டும். எனக்கும் ஊரில் போய் இறங்க ஒரு வீடு இருக்கட்டும். அண்ணன் தம்பி வீட்டில் எத்தனை நாள் இருக்க முடியும்?

மதினி ஒவ்வொரு முறையும் பேச்செடுப்பாள், கார்த்திகா புதிதாக ஏதாவது படித்துக்கொண்டிருப்பாள், முடியட்டும் என்று நான் சொல்லுவேன். இப்படியே இழுத்தது. கடைசியில் இந்த வருஷம் கார்த்திகாவைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னேன். விஜயதசமி வரைக்கும் பார்ப்பேன். அதற்குள் வேலை வந்தால் உன் இஷ்டம். வராவிட்டால் அத்தைக்குச் சரி சொல்லிவிடுவேன், தையில் கல்யாணம். "சரி" என்றாள். அவள் அப்பா என் முகத்தையும் அவள் முகத்தையும் பார்த்துவிட்டு, சாயா குடிக்க வெளியே போய்விட்டார். வீட்டில் பெரிய பேச்சு நடக்கும்போதெல்லாம் அந்த மனுஷருக்குச் சாயா குடிக்கத் தோன்றும்.

4

சரஸ்வதி பூஜை விஷயத்தில் நாங்கள் செய்கிற கூத்தை ஊரில் யாரும் செய்யமாட்டார்கள். நம் ஊரில் நவமியன்று புத்தகத்தையும் ஆயுதங்களையும் வைப்போம், மறுநாள் எடுத்துவிடுவோம். இங்கே அப்படியில்லை. அஷ்டமி சாயங்காலமே பூஜைக்கு வைத்துவிடுவார்கள். விஜயதசமி காலையில் எடுக்கிறவரை யாரும் ஒரு எழுத்து படிக்கக்கூடாது, எழுதக்கூடாது. நான் வந்த புதிதில் நம் முறைப்படி நவமியன்று வைத்தேன். பக்கத்து வீட்டு லீலா சேச்சி எட்டிப் பார்த்து, "இன்னலெ வெக்கேண்டதல்லே செல்வி?" என்றாள். நேற்றே வைத்திருக்க வேண்டாமா என்ற ஒரு கேள்விதான். அதில் ஒன்றும் விஷம் இல்லை. ஆனாலும் இவர்கள் முன்னால் ஒன்றும் தெரியாதவள் என்று பெயர் எடுப்பானேன் என்று, அடுத்த வருஷத்திலிருந்து அஷ்டமி சாயங்காலமே வைக்க ஆரம்பித்தேன். பொரி, கடலை, சுண்டல் எல்லாம் நம் ஊர் முறை. நாள் மட்டும் இவர்கள் முறை.

இந்த வருஷமும் வைத்தேன். என் கத்திரிக்கோல், மெஷினின் பாபின் பெட்டி, இவர் சாக்கில் குத்திச் சாம்பிள் எடுக்கிற குத்தூசி, நடுவில் பட்டுத்துணி விரித்து கார்த்திகாவின் லேப்டாப். இவர் சுவரிலிருந்து சர்டிபிகேட்டுகளை எல்லாம் கழற்றிக் கொண்டுவந்து அதன்மேல் அடுக்கினார். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தேன். லேமினேட் ஷீட்டில் சந்தனம் ஒட்டாமல் வழிந்தது.

லீலா சேச்சி சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் கார்த்திகாவின் ஃபோனில் அந்த மெயில் வந்தது. காக்கநாட்டில் ஒரு கம்பெனி. ஓடாத ஒரு புரோகிராமை அனுப்பியிருந்தார்கள். எங்கே தப்பு என்று கண்டுபிடித்து, சரி செய்து, நாளைச் சாயங்காலத்துக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். சரியாக இருந்தால் இன்டர்வியூ.

"அம்மா, லேப்டாப் எடுக்கணும்" என்றாள்.

"வெச்சத எடுக்கக் கூடாது. விஜயதசமி காலையிலதான்."

"விஜயதசமிக்கு எடுத்தா டெஸ்ட் முடிஞ்சிரும்."

லீலா சேச்சி கையிலிருந்த சுண்டலைக் கீழே வைத்தாள். "பூஜ வெச்சது எடுக்கான் பாடில்ல மோளே. தேவி கோபிக்கும்" என்றாள். இவர் குத்தூசியைப் பார்த்துக்கொண்டு நின்றார். சாயாக் கடைகூடப் பூட்டியிருக்கும் அன்றைக்கு.

எனக்கு உள்ளுக்குள் என்ன ஓடியது என்றால், நல்லதாய்ப் போயிற்று என்பதுதான். நான் வாக்கு தவறவில்லை, விஜயதசமி வரைக்கும் பார்த்தேன், சரஸ்வதியே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். மதினிக்குச் சொல்லவேண்டிய பதில்கூட வாயில் வந்து நின்றது.

கார்த்திகா சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டு ஜெயித்திருப்பேன். "அம்மா, நம்ம ஊருல என்னிக்கு வெப்பாங்க?" என்று கேட்டாள்.

"நவமிக்கு."

"அது நாளைக்குத்தான? இன்னிக்கு வெச்சது இவங்க முறை. ரேஷன் கடையில ஒருத்தன் பாண்டின்னப்ப ஆமான்னுதான சொன்ன. பூஜைக்கு மட்டும் நாம எப்ப மலையாளி ஆனோம்?"

லீலா சேச்சிக்குத் தமிழ் நன்றாகப் புரியும். அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, அடுப்பில் ஏதோ வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனாள். நான் மறுபடியும் ஆரம்பிப்பதற்குள் கார்த்திகா விளக்குக்கு முன்னால் குனிந்து கும்பிட்டாள். சர்டிபிகேட்டுகளை ஒரு பக்கமாகத் தூக்கி வைத்தாள். லேப்டாப்பை எடுத்து, சந்தனத்தைத் துப்பட்டாவில் துடைத்தாள்.

"அதையும் எடுத்துட்டுப் போ" என்றேன், ஆத்திரத்தில்.

"அது அங்கயே இருக்கட்டும். அதுக்குத்தான் சாமி தொணை வேணும்" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனாள்.

இவர் சிரித்துவிட்டார். நான் அவரைப் பார்த்த பார்வையில் சிரிப்பை விழுங்கிக்கொண்டார். மறுநாள் முழுக்க நான் அவளிடம் பேசவில்லை. பாத்திரங்களோடுதான் பேசினேன், அது தெரு முழுக்கக் கேட்டிருக்கும். சாயங்காலம் வெளியே வந்து, "அயச்சு" என்றாள். அனுப்பிவிட்டாளாம். கண் சிவந்திருந்தது. சாதம் போட்டுக்கொடுத்தேன். போட்டதைப் பேச்சு என்று அவள் எடுத்துக்கொள்ளக்கூடாது என்பதற்காகத் தட்டைத் தள்ளித்தான் வைத்தேன்.

5

விஜயதசமி வந்தது, போனது. கெடு முடிந்துவிட்டது என்று நினைவுபடுத்தினேன். மறுநாள் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருப்பதாகச் சொன்னாள். போனால் போகிறது, இத்தனை நாள் பொறுத்தவள் இன்னும் ஒரு நாள் பொறுக்கிறேன் என்றேன்.

இன்டர்வியூ வீட்டிலிருந்தேதான், லேப்டாப்பில். மிக்ஸி போடாதே, குக்கர் வைக்காதே, மெஷினை மிதிக்காதே என்று எனக்கு ஏகப்பட்ட கட்டளை. அடுப்படியில் பூண்டு உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு அறைக்கும் நடுவில் ஒரு திரைதான். அந்தப் பக்கம் பேசியது ஒரு பெண், மலையாளமும் இங்கிலீஷும் கலந்து. கார்த்திகா அனுப்பியதை எடுத்து வைத்துக்கொண்டு, இதை ஏன் இப்படிச் செய்தாய், அதை ஏன் மாற்றினாய் என்று வரி வரியாகக் கேட்டாள். எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. ஆனால் என் மகள் குரல் புரிந்தது. ஒரு இடத்தில், அது எனக்குத் தெரியாது என்று தயங்காமல் சொன்னாள். பிளவுஸில் கைக்குழி இறங்கிவிட்டது, பிரித்துத்தான் தைக்கணும் என்று நான் வாடிக்கைக்காரியிடம் சொல்லுகிற அதே குரல். வீட்டில் என்னிடம் அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

அப்புறம் அந்தப் பெண் சிரித்தாள். இத்தனை சர்டிபிகேட் போட்டிருக்கிறாயே, இதில் எது நினைவிருக்கிறது என்று கேட்டாள்.

கார்த்திகா மலையாளத்தில் சொன்னாள். நான் தமிழில் எழுதுகிறேன். "ரெண்டு நினைவிருக்கு மேடம். அந்த ரெண்டுலயும் நடுவுல மாட்டிக்கிட்டு அழுதிருக்கேன். மத்ததெல்லாம் எங்க வீட்டுல கல்யாணப் பேச்சு வர்றப்ப எடுத்தது. ஒரு கோர்ஸ் நடக்குதுன்னா எங்கம்மா யாரையும் வாயத் தெறக்க விடமாட்டாங்க."

பூண்டு கையிலேயே இருந்தது. கிளவுட் வந்தது எப்போது என்று யோசித்தேன். மதினி ஆடிக்கு வந்து தங்கிய போது. வெப் டிசைன், பையனோடு வந்து பூ வைக்கலாமா என்று கேட்ட போது. ஒவ்வொன்றும் அப்படித்தான் இருந்தது. வேலைக்கு என்று நினைத்து நான் திட்டினேன், பெருமை என்று நினைத்து அவர் ஆணி அடித்தார். அவளை நான்தான் துரத்துகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவளோ என்னை வாசலில் காவலுக்கு நிறுத்தி வைத்திருக்கிறாள். கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். பிடிக்கவில்லை என்று வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று தோன்றியது. சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேனா என்றும் தோன்றியது.

அந்தப் பெண் முடிக்கும்போது, சர்டிபிகேட் இல்லை என்று யாரையும் தள்ளுவதில்லை, இருக்கிறது என்று யாரையும் எடுப்பதும் இல்லை என்றாள். ஊரிலிருந்து கேட்கிறவர்களுக்கு நான் சொல்லவும் இதற்குமேல் ஒன்றுமில்லை. உங்கள் பிள்ளை எதில் மாட்டிக்கொண்டு அழுதது என்று கேளுங்கள். அதைப் படித்திருக்கிறது என்று அர்த்தம். காகிதப் பூ கொட்டியதை எல்லாம் படிப்பு என்று நினைத்து ஆணி அடிக்காதீர்கள், சுவர்தான் வீணாகும்.

6

வேலை கிடைக்கவில்லை. செய்த வேலை நன்றாக இருந்ததாம், ஆனால் அனுபவம் உள்ள ஒருவரை எடுத்துவிட்டார்களாம், அடுத்த முறை விண்ணப்பிக்கலாமாம். ஃபோனைப் பார்த்துவிட்டு கார்த்திகா என்னிடம் இதைச் சொன்னபோது அடுப்படியில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். சொல்லிவிட்டுக் கழுவிய டம்ளரையே மறுபடியும் கழுவினாள். "சரி, அத்தைக்குச் சொல்லிரு" என்றாள். வாக்கு கொடுத்தவள் இல்லையா.

நான் சொல்வதற்கு முன்னால் மதினியே கூப்பிட்டுவிட்டாள். கையில் மாவு என்று ஸ்பீக்கரில் போட்டேன். கார்த்திகா பக்கத்தில்தான் நின்றாள். இவர் செருப்பைத் தேடினார். "எங்கயும் போக வேண்டாம், உக்காருங்க" என்றேன். உட்கார்ந்தார்.

"ஏட்டி செல்வி, விஜயதசமி முடிஞ்சு எத்தன நாளாச்சு. வேல கெடச்சுதா இல்லியா அவளுக்கு? நாங்க மண்டபம் பாக்கணும்லா."

"கெடைக்கல மதினி."

"அப்ப சரி. வர்ற வெள்ளிக்கெழம கெளம்பி வாறோம்."

கார்த்திகா டம்ளர் கழுவிய கையைத் துடைக்காமல் நின்றாள். தண்ணீர் தரையில் சொட்டியது. நான் துடை என்று சொல்லவில்லை.

"இப்ப வர வேண்டாம் மதினி" என்றேன். "அவ புதுசா ஒரு கோர்ஸ்ல சேந்திருக்கா."

இவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் பக்கம் மதினி பெருமூச்சு விட்டாள். "இன்னொண்ணா? அது என்ன கோர்ஸு?"

எனக்கு எங்கே தெரியும்? கார்த்திகாவைப் பார்த்தேன். வாயைப் பிளந்துகொண்டு நின்றவள், சட்டென்று சுதாரித்துக்கொண்டு ஏதோ ஒரு இங்கிலீஷ் பெயரை உதடு அசைத்துச் சொன்னாள். அதை அப்படியே சொன்னேன்.

"அது முடிய எம்புட்டு நாளாகும்?"

கார்த்திகா ஒரு விரலைக் காட்டினாள்.

"ரெண்டு வருஷம் ஆகும் மதினி" என்றேன்.